தம்பியின் பழைய கையேட்டைத் தேடிப் பாருங்கள்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர், ஐந்து வாரத்துக்கு முன் எனக்கு இரண்டாவது குழந்தை, மகன், பிறந்தான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்ததில் ஜி6பிடி குறைபாடு இருப்பதாக மறுநாளே சொன்னார்கள். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை ஏறியதால் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இப்போது மஞ்சள் இல்லை, நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் 'பீன்ஸ்' என்று போட்டிருக்கிறது. எந்த பீன்ஸ் என்று தெரியவில்லை. பயந்துபோய் அவரைக்காய், மொச்சை, சுண்டல் எல்லாவற்றையும் நானே நிறுத்திவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், 'எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி ரத்தக் கோளாறு இல்லையே' என்று அடிக்கடி சொல்கிறார். என் தம்பி பிறந்தபோதும் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள் என்று என் அம்மா சொல்கிறார், காரணம் அவருக்கு நினைவில்லை. இது ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய நோயா? என் மகளுக்கு ஆறு வயது, அவளுக்குப் பிறந்தபோது 'நார்மல்' என்றுதான் வந்தது. அவளுக்கும் இருக்குமா? தீபாவளி வருகிறது. அடுத்த ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போய் மொட்டை போட்டுக் காது குத்துவதாகவும் வேண்டுதல். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது, மஞ்சள் இறங்கிவிட்டது, பால் குடிக்கிறான். அப்படியானால் இந்தக் குறைபாட்டின் மிக ஆபத்தான கட்டம் அவனுக்குப் பின்னால் போய்விட்டது. தினசரி மருந்து எதுவும் வேண்டாம். அவன் ஓடுவான், நீந்துவான், பள்ளிக்குப் போவான், தேசிய சேவையும் செய்வான். சில பொருள்களும் சில மருந்துகளும் அவன் உடம்பில் சேரக்கூடாது. உங்களிடம் இது கேட்பது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில பொருள்களில் பாதி நம் தமிழ் வீடுகளில்தான் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்தத் தாளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

சிவப்பணு ஒரு விசித்திரமான உயிரணு. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போதே தன் உட்கருவை விட்டுவிடுகிறது. அதில் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஹீமோகுளோபினை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய 120 நாள் உடம்பெங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உட்கரு இல்லாததால் வழியில் புதிதாக எந்த நொதியையும் செய்துகொள்ள முடியாது. கிளம்பும்போது கையில் கொடுத்துவிட்ட கட்டுச்சோறுதான் கடைசி நாள்வரை.

அந்தக் கட்டுச்சோற்றில் முக்கியமான ஒன்று ஜி6பிடி என்ற நொதி. சிவப்பணு சுமப்பது ஆக்சிஜன். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் அதே ஆக்சிஜன்தான். சுமக்கிற சரக்கே சுமப்பவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப் பார்க்கும். அந்த அரிப்பை அவ்வப்போது துடைத்தெடுக்க அணுவுக்குள் குளுட்டத்தயோன் என்ற பொருள் இருக்கிறது. அடுப்படியில் வைத்திருக்கும் துடைக்கிற துணி மாதிரி அது. ஒரு முறை துடைத்தால் நனைந்துவிடும், பிழிந்து வைத்தால்தான் அடுத்த முறை உதவும். அப்படிப் பிழிந்து தருவது என்ஏடிபிஎச் என்ற இன்னொரு பொருள். மற்ற உயிரணுக்களுக்கு அதைத் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இருப்பது ஒரே வழி, அந்த வழியின் வாசலில் நிற்பது ஜி6பிடி.

இந்த நொதி எல்லாருக்குமே நாளாக ஆகக் குறையும். சாதாரணமாக அது பாதியாகக் குறைய 60 நாளுக்கு மேல் ஆகும். குறைபாட்டில் பல வகைகள் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் வகையில் 13 நாளிலேயே பாதியாகிவிடும். மத்தியதரைக்கடல் வகை என்று ஒன்று இருக்கிறது, அது இந்தியர்களிடமும் உண்டு. அதில் சில மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. கட்டுச்சோறு வழியிலேயே கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் உங்கள் மகன் ஏன் நன்றாக இருக்கிறான்? அன்றாட அரிப்பு லேசானது. இருக்கிற கொஞ்ச நொதியே அதற்குப் போதும். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து அரிப்பைப் பல மடங்கு ஆக்கும்போதுதான் துணி நனைந்தபடியே கிடந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் உருக்குலைந்து கட்டிகட்டியாகி அணுவின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் அந்த இடத்தைக் கடித்தெடுத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கடித்த பிஸ்கட் போலவே இருக்கும். சில அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துபோகும். உள்ளே இருந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கும், சிறுநீர் பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் போகும். உடைந்த அணுக்களின் கழிவு பிலிருபினாக மாறிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும்.

பச்சைக் குழந்தைக்கு மட்டும் இதில் கூடுதல் ஆபத்து ஏன்? அதன் கல்லீரல் இன்னும் பக்குவப்படவில்லை. பிலிருபினை வெளியேற்றும் வேகம் குறைவு. அளவு மீறி ஏறினால் அது மூளைக்குள் புகுந்து படிந்துவிடும். அந்தப் பாதிப்பு வந்துவிட்டால் காது கேளாமை, கை கால் முறுக்கிக்கொள்வது என்று வாழ்நாள் முழுதும் நிற்கும். அதனால்தான் உங்கள் மகனை நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அந்த ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரலின் உதவி அதிகம் இல்லாமலே வெளியேற வழி செய்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் இப்படி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் நிறைய வந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனவர்களில் முதன்மையானவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹாக் பூன். ஜி6பிடி குறைபாடு அதற்கு ஒரு பெரிய காரணம் என்று தெரிந்தபின், 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நாடு பிறந்த அதே ஆண்டு. உலகத்தில் மிக முன்னதாகவே இதைச் செய்த நாடுகளில் நம் நாடு ஒன்று. அன்று எடுத்த முடிவுதான், மஞ்சள் ஏறும் முன்பே உங்கள் மகனின் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்தது. குழந்தை பிறந்த மறுநாள் தாதி வந்து இப்படிச் சொல்லும்போது எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மருத்துவராக எனக்கு அந்தச் செய்தி நிம்மதியைத்தான் தருகிறது. தெரியாமல் வீட்டுக்குப் போன குழந்தைகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மனம் நோகிற இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

ஜி6பிடியைச் செய்வதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. பெண்களுக்கு இரண்டு. உங்கள் மகனின் எக்ஸ் உங்களிடமிருந்துதான் வந்தது. ஆகவே அவர் சொல்வதில் உண்மையின் ஒரு பாதி இருக்கிறது. மறுபாதி இதோ: உங்களுக்கும் இது ஒருவரிடமிருந்து வந்தது, அவருக்கும் இன்னொருவரிடமிருந்து. இது தோஷமும் இல்லை, யாரும் செய்த தவறும் இல்லை. மலேரியா வாட்டிய நாடுகளில்தான் இந்தக் குறைபாடு உலகெங்கும் பரவலாக இருக்கிறது: ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் கரை, அரபு நாடுகள், இந்தியா, தென்கிழக்காசியா. இப்படிப்பட்ட சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் இதை உடம்பில் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். இன்று உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரரிடம் அதிகம், நம்மிடம் சற்றுக் குறைவு. "உன் வீட்டு ரத்தம்" என்று யாராவது சொன்னால், மலேரியாவில் தப்பிப் பிழைத்தவர்களின் ரத்தம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா சொன்ன ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி இருந்தது. தம்பியை ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள் என்கிறார். ஒரு காலத்தில் ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளை, நன்றாக இருந்தாலும்கூட, வாரக்கணக்கில் இங்கே ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிப்பார்கள். வீட்டுக்கு அனுப்பினால் துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை, நாட்டு மருந்து என்று எதுவும் பட்டுவிடுமோ என்ற பயம். தம்பியின் பழைய சுகாதாரக் கையேட்டை அம்மாவின் அலமாரியில் தேடிப் பாருங்கள். தம்பி சிங்கப்பூரில் பிறந்தவர் என்றால் ஜி6பிடி முடிவு அதில் எழுதியிருக்கும். இந்த விஷயத்தில் ஒரு பையனுக்கு முன்னோடி அவனுடைய அப்பாவோ அப்பாவழித் தாத்தாவோ அல்ல, பெரும்பாலும் தாய்மாமன்தான்.

தம்பிக்கும் இருப்பது உறுதியானால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்னாளில் சர்க்கரை நோய்க்காக, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கணிக்கும் எச்பிஏ1சி சோதனை செய்தால், அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சற்று முன்னதாகவே மடிவதால் அவற்றில் சர்க்கரை படியக் கிடைக்கும் நாள் குறைவு. நம்மவர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். சோதிக்கும் மருத்துவரிடம் ஜி6பிடி விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவர் வேறு சோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்.

மகளுக்கு 'நார்மல்' என்று வந்தது நல்ல செய்தி. ஆனால் அவள் இந்த மரபணுவைச் சுமக்கவில்லை என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. உங்களுடைய இரண்டு எக்ஸில் எது அவளுக்கு வந்தது என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான். குறையுள்ள எக்ஸ் வந்திருந்தாலும், அப்பாவிடமிருந்து வந்த நல்ல எக்ஸ் ஈடுகொடுக்கும். பெண்களின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது உறங்கும். அதனால் அப்படிப்பட்ட பெண்ணின் உடம்பில் நல்ல சிவப்பணுவும் நொதி குறைந்த சிவப்பணுவும் கலந்தே ஓடும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. சிலருக்கு மட்டும் குறைந்த அணுக்களின் பங்கு அதிகமாகி, ஆண்களைப் போலவே பாதிப்பு வரும். அவள் பெரியவளாகி அவளுக்கு மகன் பிறக்கும்போது இந்தத் தகவல் உதவும். இப்போது அவளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

நம் வழக்கத்தை ஒட்டி இன்னொன்று. உங்கள் மகன் வளர்ந்து மாமன் மகளைக் கட்டினால் என்ன ஆகும்? தம்பிக்கு இது இருந்தால் அவருடைய மகள்கள் எல்லாரும் இந்த மரபணுவைச் சுமப்பார்கள். அப்படி முறைப்பெண்ணைக் கட்டும்போது பிறக்கும் பெண் குழந்தைகளிலும் சரிபாதிப் பேருக்கு முழுக் குறைபாடு வர வாய்ப்பு இருக்கிறது. சொந்தத்தில் பேச்செடுக்கும் நாளில் குடும்பத்தில் யாருக்காவது இது நினைவிருந்தால் நல்லது.

சரி, சமையலறைக்கு வருவோம். தாளில் இருந்த 'பீன்ஸ்' உங்களை வீணாகப் பட்டினி போட்டிருக்கிறது.

விலக்க வேண்டியது ஒரே ஒரு பயறு, ஃபாவா பீன்ஸ். ஆங்கிலத்தில் பிராட் பீன்ஸ் என்பார்கள். அதில் வைசின், கான்வைசின் என்ற இரண்டு பொருள்கள் உண்டு. வயிற்றில் அவை மாறி உண்டாகும் வேதிப்பொருள்தான் சிவப்பணுவை அரிக்கிறது. குழப்பம் வருவது பெயரால். பல தமிழ்க் குறிப்புகளில் ஃபாவாவை 'மொச்சை' என்றோ 'அவரை' என்றோ எழுதிவிடுகிறார்கள். நம் மொச்சையும் அவரைக்காயும் வேறு செடி, அவற்றில் அந்தப் பொருள்கள் இல்லை. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, பட்டாணி, காராமணி, உளுந்து, துவரை, சோயா எதற்கும் தடையில்லை. நீங்கள் பால் கொடுக்கும் தாய். பத்தியம் என்ற பெயரில் ஏற்கெனவே பாதி உணவு குறைந்திருக்கும். பயறும் பருப்பும் கட்டாயம் சாப்பிடுங்கள். பாகற்காய் விதையிலும் வைசின் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் நான் விதையை நீக்கிச் சமைக்கச் சொல்வேன், சதைப் பகுதியைச் சாப்பிடலாம்.

அப்படியானால் சிங்கப்பூரில் ஃபாவா எங்கே வருகிறது? வறுகடலைப் பொட்டலங்களில் வருகிறது. சினிமாக் கொட்டகை வாசலில் நம் ஆட்கள் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்த கச்சாங் பூத்தே ஞாபகம் இருக்கும். அந்த மாதிரிக் கலவைகளில் தட்டையாக, பெரிதாக, பொரித்த பயறு ஒன்று கிடக்கும். அது பெரும்பாலும் ஃபாவாதான். இப்போது பேரங்காடியில் பையில் விற்கிறார்கள், அட்டையில் பிராட் பீன்ஸ் என்று இருக்கும். மாலா, மாப்போ தௌபூ போன்ற சீன உணவில் சேரும் காரமான டோபன்ஜியாங் விழுதும் ஃபாவாவில் செய்வதுதான். அரபு உணவகங்களில் ஃபலாஃபல் வாங்கினால் கொண்டைக்கடலையா ஃபாவாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் வரை நீங்களும் இவற்றைத் தொட வேண்டாம், தாய்ப்பால் வழியாகவும் போகும். மகன் பாலர் பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர்களிடம் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த முறையும் ஆகாது என்று நம்பக்கூடாது.

உணவைவிட எனக்கு அதிகப் பயம் தருவது பாச்சை உருண்டை, அதாவது ரசகற்பூரம், நாஃப்தலீன். பல வருடங்களுக்கு முன் ஒரு குழந்தையைப் பார்த்தேன். மஞ்சள் இறங்கி வீட்டுக்குப் போனவன், நான்கே நாளில் முகம் வெளிறி, உடம்பு மஞ்சளாகித் திரும்பி வந்தான். தாய் எதையும் மீறவில்லை. வீட்டில் பாச்சை உருண்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார், உண்மையைத்தான் சொன்னார். அப்புறம் பாட்டி மெதுவாகச் சொன்னார்: தூளி கட்டுவதற்காகத் தன் பழைய நூல் புடவையை ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். ஆண்டுக்கணக்கில் அது பெட்டியில் ரசகற்பூரத்தோடு இருந்த புடவை. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. பேரனைத் தன் புடவையில் தூங்க வைக்க ஆசைப்பட்டவரை என்ன சொல்வது? குழந்தை பிழைத்துக்கொண்டான். ஆனால் ரத்தம் மாற்ற வேண்டியிருந்தது.

நாஃப்தலீன் ஆவியாகி மூச்சு வழியாகவும் போகும், துணியில் தங்கித் தோல் வழியாகவும் போகும். எண்ணெயில் எளிதில் கரையும் பொருள் என்பதால், எண்ணெய் தேய்த்த குழந்தையின் தோல் அதை இன்னும் சுலபமாக வாங்கிக்கொள்ளும். ஆகவே வீட்டில் ஒரு உருண்டைகூட இருக்க வேண்டாம், அலமாரிக் கதவு பூட்டியிருந்தாலும் சரி. உங்கள் மாமியாரின் பெட்டியிலிருந்து வந்த துணி, உறவினர் கொடுத்த பழைய குழந்தைச் சட்டை, பரணில் இருந்த போர்வை எதுவானாலும், மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த வாடை வந்தால் குழந்தைக்கு வேண்டாம். தூளிக்கு நீங்கள் தினமும் கட்டிய புடவையே போதும்.

இப்போது தீபாவளி. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மருதாணிக் கடைகள் போட்டுவிடுவார்கள், மகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். மருதாணியைச் சிவக்க வைக்கும் லாசோன் என்ற பொருள், நாஃப்தலீன் நம் உடம்பில் சிதைந்து உண்டாகும் பொருள்களின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே வேதிக் குடும்பம். குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி வைத்தபின் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. உள்ளங்காலில் ஒரு பொட்டுதானே என்று பெரியவர்கள் சொல்லலாம். அந்தப் பொட்டும் வேண்டாம். மகளுக்கு வைக்கலாமா என்றால், அவளுக்கு நொதி அளவு நார்மல் என்று வந்திருப்பதால் ஒரு கையில் சின்னதாக வைப்பதை நான் தடுக்க மாட்டேன். நன்றாகக் காய்ந்து, கழுவியபின் தன் தம்பிப் பாப்பாவைத் தூக்கட்டும். மருதாணியை அரைத்துச் சாப்பிடக் கொடுக்கும் நாட்டு வைத்தியம் மட்டும் இந்த வீட்டில் யாருக்குமே கூடாது.

மாமியார் பழகிய மற்ற வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். கோடாலித் தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய், மெந்தால் களிம்பு எதையும் குழந்தை மேல் தடவ வேண்டாம். இவற்றில் கற்பூரம் எந்தக் கைக்குழந்தைக்கும் நஞ்சு, வலிப்பு வரவழைக்கும். சாமி அறையில் காட்டும் கற்பூரத்துக்காகச் சண்டை போடாதீர்கள். குழந்தையை வேறு அறையில் வைத்துக்கொண்டு, கற்பூரப் பொட்டலத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். வேப்ப எண்ணெயை வாயில் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் அப்படி ஊற்றப்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஜி6பிடியால் வந்ததில்லை, யாருக்கும் வரக்கூடியது. வசம்பும் வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம்.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அன்போடு ஏதாவது மூலிகை கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஹுவாங் லியன் என்ற கசப்பு வேரில் பெர்பெரின் இருக்கிறது. பச்சைக் குழந்தைகளின் மஞ்சள் காமாலையை முன்னிட்டு 1978இல் சிங்கப்பூர் அதற்குத் தடையே போட்டிருந்தது. பெரியவர்களுக்காக அந்தத் தடை பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. ரத்தத்தில் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்திலிருந்து அதை அவிழ்த்துவிடும் தன்மை பெர்பெரினுக்கு உண்டு. அதனால் பிறந்த குழந்தைக்கு அது கூடவே கூடாது. பால் கொடுக்கும்போது நீங்களும் குடிக்க வேண்டாம்.

மருந்துகள். இந்தக் குறைபாடே ஒரு மருந்தால்தான் உலகுக்குத் தெரிந்தது. மலேரியாவுக்குக் கொடுத்த பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் ரத்தத்தை உடைப்பதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள், 1956இல் ஜி6பிடி நொதிதான் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வு நடந்தது இல்லினாய்ஸ் சிறைக்கைதிகள் மீது. இன்று நாம் எழுதிவைக்கும் பட்டியலுக்கு யாரோ உடம்பால் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் மறப்பதில்லை. பிரைமாகுயின், அதன் உறவான டஃபெனோகுயின், தொழுநோய்க்கும் தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரன்டாய்ன், மெத்திலீன் புளூ, ராஸ்பூரிகேஸ் ஆகியவை முக்கியமாகத் தவிர்க்க வேண்டியவை. சல்ஃபா வகைகளில் சிலவும் சேரும். காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். தடுப்பூசிகள் அனைத்தும் பாதுகாப்பானவை, ஒன்றையும் தள்ளிப்போட வேண்டாம். மருந்துப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த கிளினிக்குக்குப் போனாலும், பலதுறை மருந்தகமோ மருந்துக்கடையோ எதுவானாலும், முதல் வாக்கியமாக "இவனுக்கு ஜி6பிடி குறைபாடு" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் காட்டுங்கள். உங்கள் கணவருக்கும், மாமியாருக்கும், பணிப்பெண் இருந்தால் அவருக்கும் அந்த வாக்கியம் தெரிந்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை, தொற்றுக் காய்ச்சல். உண்மையில் சிவப்பணுக்கள் உடைவதற்கு மிகப் பொதுவான காரணமே அதுதான். கிருமியோடு போராடும்போது உடம்பே அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. ஆகவே அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பட்டியலை மீறிவிட்டோமோ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். அதற்குப் பிறகும், எந்தக் காய்ச்சலிலும், ஏதாவது பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலும், அடுத்த இரண்டு மூன்று நாள் டயப்பரைப் பாருங்கள். சிறுநீர் தேத்தண்ணி நிறத்திலோ கோப்பி-ஓ நிறத்திலோ இருந்தால், உதடும் உள்ளங்கையும் வெளிறினால், கண் மஞ்சளானால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நேரத்தில் போனால் பெரும்பாலும் காரணத்தை நிறுத்தி, நீர்ச்சத்து கொடுத்து, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றிச் சரிசெய்துவிடுவார்கள். மஜ்ஜை புதிய அணுக்களை வேகமாக அனுப்பத் தொடங்கும். அவை இளசானவை, நொதி கொஞ்சம் அதிகமாக இருக்கும். அந்தச் சமயத்தில் ஜி6பிடியை அளந்தால் நார்மல் என்றுகூட வரலாம். அதைப் பார்த்துக் குறைபாடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஜூன் மாதப் பயணம். தாராளமாகப் போய்வாருங்கள். சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. கொசுவலை கட்டாயம். மலேரியாத் தடுப்பு மருந்து தேவையா, எது என்று கிளம்பும் முன் இங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் மலேரியா தெரிந்தால், பிரைமாகுயின் எழுதுவது அங்கே வழக்கமான சிகிச்சை. அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது நீங்கள்தான். மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். ஊர் வீட்டில் தங்கும்போது பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் விரிப்பு, தலையணை உறையை மோந்து பார்ப்பதை மறக்காதீர்கள். அங்கே பாச்சை உருண்டை இல்லாத பீரோ அபூர்வம்.

மொட்டைக்குத் தடையில்லை, தலையில் சந்தனம் தடவலாம். காது குத்தவும் தடையில்லை. இந்தக் குறைபாட்டால் ரத்தம் உறைவதில் கோளாறு வராது. புண்ணுக்குச் சல்ஃபா கலந்த களிம்பு மட்டும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியையும் அழைத்துப் போய், அவர் மடியில் உட்காரவைத்தே குத்துங்கள். அன்றைக்கு மாமன் கையிலும் மருதாணி வேண்டாம், மருமகன் கையிலும் வேண்டாம்.